தலைமடை முதல் கடைமடை வரை

கும்பகோணத்தில் அறை எடுத்துத் தங்கி, விடிவதற்கு முன் காரில் கிளம்பி, திங்களூர் தொடங்கித் திருநள்ளாறு வரை ஒன்பது நவகிரகக் கோயில்களையும் ஒரே நாளில் முடித்துவிட்டு இரவு திரும்புவது இன்று வழக்கமாகிவிட்டது. வேண்டுதலோடு வருகிறவர்களுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் சாமியைத் தேடி வந்தவர்கள், பார்த்துவிட்டுப் போகிறார்கள். என் கேள்வி இன்னொரு வகைப் பயணியைப் பற்றியது. சோழநாட்டைப் பார்க்க வேண்டும், அதன் பழைய ஊர்களையும் வயல்களையும் அறிய வேண்டும் என்று வருகிறவரும் அதே காரில், அதே வேகத்தில்தான் போகிறார். அவர் பார்ப்பது சில கோபுரங்களை. இடையில் கண்ணாடிக்கு அப்பால் ஓடும் பச்சை நிறத்தை. பிறர் உழுது வாழும் மண்ணின் வழியே போகிற ஒருவர் எந்த வேகத்தில் போக வேண்டும்? இதைப் பயண வசதி பற்றிய கேள்வியாக நான் நினைக்கவில்லை, வாழும் முறை பற்றிய கேள்வியாகவே நினைக்கிறேன். சைக்கிளின் வேகத்தில் போக வேண்டும் என்பது என் பதில். உடம்புக்கு நல்லது, புகை இல்லை என்பவை உண்மைதான். ஆனால் அவை சின்னக் காரணங்கள். பெரிய காரணங்கள் இரண்டு. அந்த வேகத்தில் மட்டுமே வயலும் வாய்க்காலும் கோயிலும் சேரியும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாகத் தெரிகின்றன. அந்த வேகத்தில்தான், பார்க்கப்படுகிற ஊரும் பார்க்க வந்தவரை நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிறது.

காவிரிப் படுகையை எடுத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரிக் கரையோரமாகப் போனால் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஏற்றம், இறக்கம் கிடையாது. கண்ணுக்குச் சரிவே தெரியாத சமவெளி. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் பிரிகிறது. தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் அந்தக் கால்வாய் மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் வந்தது. காவிரியிலிருந்து குடமுருட்டியும் அரசலாறும், வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் கிளைத்துப் போகின்றன. ஒவ்வொரு தலைப்பிலும் ஆறு மெலிந்து, பூம்புகாரில் கடலைத் தொடும்போது, மேலே முக்கொம்பில் அகண்டு கிடந்த காவிரியா இது என்று கேட்கத் தோன்றும் அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. அது இளைப்பு அல்ல, செலவு. வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. இந்தக் கணக்கை வரைபடத்தில் பார்க்கலாம். ஆனால் நாலு நாள் கரையோரமாகவே மிதித்து, ஒவ்வொரு மதகிலும் இறங்கி நின்று பார்த்தவருக்கு அது புரிவது வேறு விதம். அதற்குக் கியர் வைத்த விலை உயர்ந்த வண்டி வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளிப்பிள்ளைகள் ஓட்டுகிற சாதாரண சைக்கிள் போதும்.

வயலையும் கோயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வது ரசனை சார்ந்த விருப்பம் மட்டும் இல்லை. கோயில்களே அப்படித்தான் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில், கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியல் இருக்கிறது. ஊரின் மொத்த நிலம் இவ்வளவு. அதில் வரி இல்லாத நிலத்தைக் கழித்தால் மீதி இவ்வளவு. அதற்கு ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்க வேண்டிய நெல் இவ்வளவு என்று ஊருக்கு ஊர் கணக்கு. நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என்று நறுக்குகிறார்கள். ஒரு வேலியை 320 கூறாக்கினால் ஒரு முந்திரி. அந்த முந்திரியை மறுபடியும் 320 கூறாக்குகிற கீழ்க்கணக்கும் கல்லில் இருக்கிறது. கழித்த நிலங்கள் எவை என்பதுதான் நெஞ்சில் நிற்கிறது: குடியிருக்கும் நத்தம், ஊர்க் கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு. ஒரு கிராமத்தின் முழு உருவமும் அந்த ஒரு கழித்தல் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. உலகமே அண்ணாந்து பார்க்கும் விமானத்தின் அடியில், முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும், அந்த விமானத்தை நிறுத்தி வைத்த ஊர்களின் நெல்லும் வாய்க்காலும் சுடுகாடும் எழுதப்பட்டிருக்கின்றன. வண்டியை விட்டு இறங்கி, விமானத்தைப் படம் பிடித்து, அரை மணியில் திரும்பிவிடுகிறவர் கட்டடத்தைப் பார்க்கிறார். அதன் கணக்கைப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கு கோயில் மதிலுக்கு வெளியே, படுகை முழுக்க விரிந்து கிடக்கிறது. இன்றைக்கும் அங்கே நிலத்தை மாக் கணக்கில்தான் பேசுகிறார்கள். மூன்று மா ஒரு ஏக்கர்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு துண்டு நிலத்தை அடையாளம் சொல்லும் முறையைக் கவனித்தால், இன்ன பெயருடைய வதிக்குக் கிழக்கு, இன்ன பெயருடைய வாய்க்காலுக்கு வடக்கு, எத்தனையாவது கண்ணாறு என்ற சிறு வாய்க்கால், அதில் எத்தனையாவது சதிரம் என்று வரும். வதி என்னும் பாதையும் வாய்க்காலும் ஒன்றையொன்று குறுக்கே வெட்ட, இடையில் சதிரம் எனப்படும் கட்டங்களாக வயல்கள். அந்தப் பாதைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் அரசர், அரசியர், தெய்வங்களின் பெயர்கள். இந்த முகவரியைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு வாய்க்கால் கரையில் போய்க்கொண்டே இரண்டு பக்கமும் பார்த்தால் போதும். தலங்களை வரிசைப்படுத்திய முறையும் இதைத்தான் காட்டுகிறது. தேவாரத் தலங்களைத் தொகுத்தவர்கள் சோழநாட்டுத் தலங்களைக் காவிரி வடகரை 63, தென்கரை 127 என்று ஆற்றின் கரைகளை வைத்துப் பிரித்தார்கள். எந்தக் கோயில் பெரியது, எது புகழ் பெற்றது என்று வரிசை கட்டவில்லை. ஒரு தலத்திலிருந்து அடுத்த தலத்துக்குப் போகிற வழிதான் வரிசை. ஒரு நாட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. நாம் அந்த வரிசையைக் கலைத்து, ‘பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ என்ற வரிசைக்கு வந்திருக்கிறோம். வழி போய்விட்டது, இடங்கள் மட்டும் மிச்சம்.

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரும் நான்குவழிச் சாலை, வயல்களுக்கு நடுவே மண் கொட்டி மேடாக்கிய பாதையில் வருகிறது. ஊர்களுக்குள் நுழையாமல் சுற்றிப் போவதுதான் அதன் நோக்கம். அந்த நோக்கம் சரியானதே. நோயாளியை ஏற்றிய ஆம்புலன்சுக்கும் நெல் ஏற்றிய லாரிக்கும் அது வேண்டும். ஆனால் அந்தச் சாலையிலிருந்து வயல் ஒரு பரப்பாக மட்டுமே தெரியும். நாற்றங்காலா, நடவு முடிந்த வயலா, பால் பிடிக்கும் கதிரா, அறுத்த தாளடியா என்று பிரித்தறிய நேரம் இல்லை. ஆற்றைக் கடந்ததே பாலத்தின் கைப்பிடிச் சுவர் வந்து போனதால்தான் தெரியும். வாய்க்கால்கள் சாலைக்கு அடியில் குழாயாகிவிடுகின்றன. மணிக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டரில் போகிறவர் ஒரு மதகைப் பார்க்கும் நேரம் ஒரு நொடி. பன்னிரண்டு, பதினைந்தில் போகிறவருக்கு அதே மதகு தூரத்திலேயே கண்ணில் படுகிறது. தண்ணீர் விழும் சத்தம் முதலில் வருகிறது. பலகை எத்தனை தூக்கியிருக்கிறது என்று தெரிகிறது. எந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது, எந்தப் பக்கம் காய்கிறது என்று தெரிகிறது. நிலத்தைப் படிக்க அவ்வளவு நேரமாவது வேண்டும்.

தை மாதத்துப் படுகையைப் பாருங்கள். சம்பா அறுவடைக்கு நிற்கிறது. அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெற்கதிர் நின்றுகொண்டிருக்கும்போதே, ஈரம் மெழுகு பதத்தில் இருக்கும் வயலில் உளுந்தையோ பயறையோ விசிறிவிடுகிறார்கள். நெல்லை அறுத்து எடுக்கும் நேரத்தில் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருக்கும். உழவு இல்லை, தனியாகப் பாய்ச்சும் தண்ணீர் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும் போதும். இத்தனை நுட்பமான ஒரு விவசாயம் காரில் போகிறவர் கண்ணுக்கு ‘அறுத்துக் கிடக்கும் வயல்’ மட்டுமே. கரையில் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தால்தான் தாளடிக்குள் இரண்டு இலை விட்ட செடி தெரியும். அறுவடை எந்திரத்தின் சக்கரம் ஏறிய தடத்தில் அந்த முளை நசுங்கிக் கிடப்பதும் தெரியும். ஆள் கிடைக்காமல்தான் எந்திரம் வந்தது, எந்திரம் வந்ததால் உளுந்துக்குச் சேதம் என்ற விவசாயியின் சங்கடத்தை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னும் சற்றுத் தூரம் போனால், தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். நெல்லின் ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்கக் கல்லும் மரக்கிளையும் வைத்திருப்பார்கள். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பனியில் நனைந்த நெல்லுக்கு அந்தப் பதம் வர, களம் இல்லாத ஊரில் சாலையைத் தவிர வேறு இடம் கிடையாது. மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய் போட்டு, முறை வரும் வரை நிலைய வாசலில் இரவும் பகலும் காத்துக் கிடக்கிறார்கள். கார்க்காரருக்குச் சாலையில் கிடக்கும் நெல் ஒரு தடை, ஹாரன் அடிக்கிறார். சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார், பக்கத்தில் காலால் நெல்லைக் கிளறிவிடும் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுகிறார். ஒரு பெரிய நிர்வாகப் பிரச்சினையின் முழுக் கதையும் அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பிக்கிறது.

இங்கிருந்துதான் என் இரண்டாவது காரணம் வருகிறது. எனக்கு முதலாவதைவிட இது முக்கியம். பயணம் போகிறவர்கள் எப்போதும் பார்க்கிறவர்களாகவே இருக்கிறார்கள். பார்க்கப்படுகிறவர்களுக்குத் திரும்பிக் கேட்க வழி இல்லை. மூடிய கண்ணாடிக்குள் இருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. சைக்கிளில் வருகிறவரை எவரும் கேட்கலாம். “எந்த ஊருங்க? எங்கேருந்து வர்றீங்க? இந்த வெயில்ல எதுக்கு?” என்று டீக்கடை பெஞ்சிலிருந்தும் வரப்பிலிருந்தும் கேள்வி வரும். பதில் சொல்லாமல் கடந்து போவது கடினம், ஏனென்றால் அவருக்கும் தண்ணீர் வேண்டும், டயருக்குக் காற்று வேண்டும், அடுத்த ஊருக்கு வழி வேண்டும். இப்படி ஊரைச் சார்ந்திருக்க நேர்வதைப் பலரும் பயணத்தின் சிரமம் என்கிறார்கள். நான் அதைப் பயணத்தின் ஒழுக்கம் என்கிறேன். அடுத்தவர் வீட்டுக்குள் போகும்போது வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஒரு ஊருக்குள் போகும்போதும் அப்படி ஒரு நிறுத்தம் வேண்டாமா? நான் யார், ஏன் வந்தேன் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கும்போதுதான், ஏன் வந்தேன் என்று எனக்கே தெளிவாகிறது.

அப்படியானால் நடந்தே போகலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை போகும் மரபு நம்மிடம் உயிரோடு இருக்கிறது; சைக்கிளைவிட நடப்பவரை நிறுத்திப் பேசுவது இன்னும் சுலபம். ஆனாலும் ஒரு ஊரை அறிவது வேறு, ஒரு பாசனத்தை அறிவது வேறு. தலைமடையில் தண்ணீர் புரண்டு ஓடும் நாளில் கடைமடையில் நிலம் வெடித்துக் கிடக்கலாம். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது முறை; தண்ணீர் கல்லணைக்கு வர நாட்கள், அங்கிருந்து நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் நாட்கள். திறந்தும் போய்ச் சேராத ஆண்டுகளும் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வைக் கண்ணால் காண வேண்டுமானால் தலையையும் கடையையும் ஒரே பயணத்தில், ஒன்றின் நினைவு மங்குவதற்குள் மற்றொன்றைப் பார்க்க வேண்டும். நடையில் அது பத்து நாள் ஆகிவிடும்; நாலைந்து நாள் விடுப்பு எடுக்கவே திண்டாடும் சாதாரண மனிதருக்கு எட்டாது. நேரமும் கால் பலமும் உள்ளவர்கள் நடக்கட்டும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. ஊர்க்காரர்களே சைக்கிளை விட்டுவிட்டு டிவிஎஸ் 50-க்கும் பைக்குக்கும் போய்விட்டார்கள். வறுமையின் வாகனத்தை நகரத்திலிருந்து வந்து கொண்டாடுவது என்ன நியாயம் என்பது. இதற்குப் பதில் சொல்லப் படுகையை ஒட்டிய புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள், பாலர் பள்ளி ஆசிரியைகள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், வீட்டு ஆணின் தயவு இல்லாமல், தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குச் சைக்கிள் வேகத்தைக் கொடுத்தது. பிறகு அரசு மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுத்ததும் வேகத்துக்காகவே: ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் பெண் பிள்ளை நேரத்தோடு போய்விட்டு இருட்டுமுன் வீடு திரும்பவேண்டும். அப்படி வாழ்க்கைக்காக ஓட்டியவர் வசதி வந்ததும் மோட்டார் வண்டிக்கு மாறுவது முற்றிலும் சரி. அவருடைய நேரம் அவருக்கு வருமானம், ஓய்வு, பிள்ளையின் படிப்பு. அவரிடம் போய் மெதுவாகப் போகச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நான் பேசுவது வேடிக்கை பார்க்க வந்தவரின் நேரத்தைப் பற்றி. அவர் மிச்சம் பிடிக்கும் ஒரு மணி நேரத்தை என்ன செய்கிறார்? இன்னொரு கோயிலைப் பட்டியலில் சேர்க்கிறார். அந்த நேரத்தை வழிக்கே செலவிடட்டும் என்கிறேன். ஒருவருக்கு எது தேவையோ அது அவருக்குச் சரியான வேகம். பார்க்க வந்தவருக்குத் தேவை, பார்வை.

மூன்றாவது மறுப்பை யாரும் அதிகம் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ‘எந்த ஊரு’ என்ற கேள்விக்குப் பின்னால் ‘என்ன ஆளுக’ என்ற கேள்வி இருக்கிறது. ஊர் நிறுத்திக் கேட்பது நல்லது என்று நான் சொன்னேன். கேட்கப்படுவதையே வாழ்நாள் முழுக்க அவமானமாக அனுபவித்தவர்களுக்கு அதில் என்ன நல்லது? தமிழகக் கிராமங்கள் பலவற்றில் தலித் மக்கள் மேல்சாதித் தெருவில் சைக்கிள் ஓட்டக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமை இருந்தது. நான் மெச்சுகிற இதே வாகனத்தில் உட்காருவதே ஒருவருக்குக் குற்றமாக்கப்பட்டது. ஆகவே நிம்மதியாக ஊர் ஊராக மிதித்துப் போக முடிவது எல்லாருக்கும் சமமாகக் கிடைத்த ஒன்று அல்ல. முன்பும் இல்லை, இன்றும் முழுமையாக இல்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது சைக்கிளை விட்டுக் காருக்கு மாறுவதற்கான காரணம் ஆகாது. மாறாக, பாதுகாப்பாகப் போக முடிந்தவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டியதற்கான காரணம். இராசராசன் கல்வெட்டில் நத்தமும் சேரியும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்தும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி என்று பல கிராமங்கள் கிடக்கின்றன. காரில் வருகிறவர் சன்னிதித் தெருவில் நிறுத்தி, சன்னிதித் தெருவிலேயே ஏறிப் போகிறார். கரைவழியே சைக்கிளில் வருகிறவர் இரண்டையும் கடந்தாக வேண்டும். நடுவில் உள்ள இடைவெளியைத் தன் கால்களாலேயே அளந்தாக வேண்டும்.

வரலாற்று ஊர் என்றால் எதைச் சொல்கிறோம் என்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. அய்யம்பேட்டைப் பக்கம் புள்ளமங்கையில், முதலாம் பராந்தகன் காலத்துக் கோயிலின் அடித்தளத்தில், உள்ளங்கை அகலச் சிற்பங்களில் இராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் முகங்கள் தெரியும். அவ்வளவு சிறியவை, அவ்வளவு உயிருள்ளவை. பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரம், உ.வே. சாமிநாதையரின் சொந்த ஊர். பழையாறையைச் சுற்றிச் சோழர்களின் அரண்மனை இருந்த இடம் இன்று சோழன்மாளிகை என்ற ஊர்ப்பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. இவையெல்லாம் வரலாற்று ஊர்கள்தான். கீழ்வேளூருக்கு அருகில் உள்ள கீழ்வெண்மணியும் வரலாற்று ஊர்தான். நெல் அறுக்கும் கூலியைச் சற்று உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் போராட்டத்தை ஒட்டி, 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்து செத்த ஊர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் அது இல்லை. தஞ்சையின் கல்லில் ஆடவல்லான் மரக்காலால் அளந்த நெல்லைப் படித்தவர், வெண்மணியில் எந்த அளவுக்காக உயிர்கள் போயின என்பதையும் அறிய வேண்டும். இரண்டும் ஒரே படுகை, ஒரே நெல், ஒரே கேள்வி: விளைந்ததில் யாருக்கு எவ்வளவு? தலைமடையிலிருந்து கடைமடை வரை தொடர்ச்சியாகப் போகிற பயணத்தில் இந்தக் கேள்வியை விட்டு விலக முடியாது. இடங்களை வெட்டி எடுத்துப் பார்க்கிற பயணத்தில் விலகிக்கொண்டே இருக்கலாம்.

வெயில், வயது, பெண்கள் தனியாகப் போவதன் பாதுகாப்பு ஆகிய நடைமுறைக் கவலைகள் உண்மையானவை. சித்திரை வெயிலில் யாரும் போக வேண்டாம். மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை காலை ஐந்து மணி நேரம் மிதித்தால் போதும். முடியாதவர்கள் ஊர்ப் பேருந்தில் போகலாம். அதிலும் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேள்வி கேட்பார், பதில் சொல்வார். பெண்கள் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது என்று சொல்ல நேர்வதே நம் சமூகத்தின் குறை. சைக்கிளில் வருகிறவர்களால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை என்றே சொல்வேன். டீ, இட்லி, பஞ்சர் ஒட்டிய காசு. ஆனால் அந்தக் காசு வழியெங்கும் பரவி, கோயில் வாசல் கடைகளைத் தாண்டிப் போகிறது. பிரான்சில் லுவார் ஆற்றை ஒட்டிச் சுமார் 900 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை ஒழுங்குபடுத்தி, திராட்சைத் தோட்டங்களையும் பழைய கோட்டைகளையும் ஒரே வழியில் கோத்திருக்கிறார்கள். அங்கே அதற்கு அரசு உழைத்திருக்கிறது. நம்மிடம் கரைகள் ஏற்கனவே இருக்கின்றன.

அந்தக் கரைகளைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். தஞ்சை, கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம் மூன்றையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாகக் காக்கிறது; அந்தக் காப்பு கோயில் வளாகத்தோடும் அதை ஒட்டிய சிறு பகுதியோடும் முடிகிறது. 2020-இல் வந்த சட்டம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கி வயலைக் காக்கிறது. கோயில் ஒரு கோப்பில், வயல் இன்னொரு கோப்பில். இரண்டையும் இணைக்கிற வாய்க்கால் கரையும் ஆற்றங்கரைச் சாலையும் எந்தக் கோப்பிலும் மரபாக இல்லை. அவை ஆக்கிரமிப்பில் சுருங்குகின்றன, மணல் லாரி ஓடிக் குழியாகின்றன, அகலப்படுத்தும்போது கரையோர மரங்களை இழக்கின்றன. சுற்றுலாத் துறையும் நீர்வளத் துறையும் சேர்ந்து கல்லணையிலிருந்து பூம்புகாருக்கும், வெண்ணாற்றின் வழியே நாகைப் பக்கத்துக் கடைமடைக்கும் இரண்டு கரைவழிகளைக் குறித்து, கனரக வண்டிகளை அவற்றிலிருந்து விலக்கி, மரங்களை வெட்டாமல் காத்து, ஊருக்கு ஊர் வாய்க்காலின் பெயரையும் அது பாயும் நிலத்தையும் எழுதிய ஒரு பலகை வைத்தால் போதும். செலவு அதிகம் ஆகாது. அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. வருகிற தை மாதத்தில் ஒரு சாதாரண சைக்கிளோடு கல்லணையில் தொடங்குங்கள். சாலையில் நெல் காயும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள், பிறகு அவர்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது என்று கேளுங்கள்.